பிள்ளைக்குப் பழைய கார்: மீற்றரைப் பார்க்கமுதல் பார்க்க வேண்டியவை

ஏ.எல். எழுதி முடித்து லைசன்ஸும் எடுத்துவிட்ட பிள்ளைக்கு ஒரு பழைய கார் பார்க்கிறீர்கள். வந்திருக்கிற காரின் மீற்றர் 240,000 கிலோமீற்றர் காட்டுகிறது. "உவ்வளவு ஓடின கார் வேண்டாம்" என்று வீட்டில் ஒருவர் சொல்வார். "யப்பான் இஞ்சின், இன்னும் இவ்வளவு ஓடும்" என்று தரகர் சொல்வார். இரண்டு பேச்சையும் ஒரு பக்கம் வையுங்கள். யாழ்ப்பாணத்தில் பழைய காரைத் தின்பது உப்புக் காற்றும் கிணற்றுத் தண்ணீரும். ஓடிய தூரத்தின் கணக்கு அதற்குப் பிறகுதான் வரும். நேரத்துக்கு ஒயில் மாற்றி, இஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ற் திரவம் விட்டு 250,000 கிலோமீற்றர் ஓடிய கொரோலா, கடற்கரை வீட்டு முற்றத்தில் தறப்பாளுக்குக் கீழே நின்று 90,000 மட்டும் ஓடிய காரைவிட நல்ல கார்.

கார் யாருக்கு, எதற்கு

கார் ஓட்டும் அனுமதிப்பத்திரம் 18 வயதுக்குப் பிறகுதான் கிடைக்கும். அதற்கு முதல் வாங்கி முற்றத்தில் விட்டால், "ஒழுங்கைக்குள்ள மட்டும்" என்று தொடங்குவது கே.கே.எஸ். வீதி வரை போய்விடும். லைசன்ஸ் இல்லாதவர் ஓட்டிய கார் மோதினால் காப்புறுதி நிறுவனம் காசு தராது. ஆகவே லைசன்ஸ் கைக்கு வந்த பிறகுதான் கார் தேடத் தொடங்க வேண்டும்.

திருநெல்வேலி வளாகத்துக்குப் போய்வர மட்டும் என்றால் கார் தேவையில்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் படிக்கிற பிள்ளைக்கு அங்கே தங்கிப் படிப்பதுதான் சரி. தினமும் ஏ9 வீதியில், அதுவும் இருட்டில், புதுச் சாரதி பழைய காரில் போய்வருவதற்கு நாங்கள் உடன்பட மாட்டோம். அம்மம்மாவைக் கிளினிக்குக்குக் கொண்டுபோக, மழையில் தங்கச்சியை ரியூசனால் கூட்டிவர, சாவகச்சேரிச் சந்தைக்குப் போக என்று வீட்டுக்கே ஒரு கார் வேண்டும், அதைப் பிள்ளையும் ஓட்டும் என்றால் அது நல்ல காரணம். அப்படி வாங்கும்போது தெரிவும் மாறிவிடும். ஸ்போர்ட்ஸ் சைலன்சர் போட்ட கார் தானாகவே பட்டியலிலிருந்து விழுந்துவிடும்.

காசை முதலில் பிரியுங்கள்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள், அதுவும் கடும் வரியோடு. இடையில் பழைய கார்களின் விலை ஏறி, பதினைந்து வருடம் ஓட்டிய காரை வாங்கிய விலைக்கு மேலே விற்றவர்கள் உண்டு. அதனால் கேட்கும் விலைக்கும் காரின் நிலைக்கும் இப்போது பெரிய தொடர்பு இல்லை. "இவ்வளவு விலை சொல்லுறார், அப்ப நல்ல காராத்தான் இருக்கும்" என்று நினைத்தால் கை சுடும்.

கையில் உள்ள காசில் ஐந்தில் ஒரு பங்கை முதலிலேயே ஒதுக்கிவிட்டு, மிச்சத்துக்கு மட்டும் கார் தேடுங்கள். 20 இலட்சம் இருந்தால் 16 இலட்சத்துக்கு மேலே பார்க்கக்கூடாது. மற்ற நாலு இலட்சம் பெயர் மாற்றம், காப்புறுதி, ரயர், பற்றரி, பெல்ற், பிறேக், றேடியேற்றர் வேலைகளுக்கு. இது போகாமல் மிஞ்சினால் நல்லது. பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள் போய்விடும். கனடாவிலிருந்து மாமா கார் வாங்கவென்று அனுப்பிய காசு ஒருமுறைதான் வரும். கராச் பில்லுக்கு மாதா மாதம் அவரைக் கேட்க முடியாது.

பழைய காரை லீசிங்கில் எடுக்காதீர்கள். வாகனம் பழசாக ஆக நிதி நிறுவனம் கொடுக்கும் பங்கு குறையும், வட்டி கூடும், முழுக் காப்புறுதியும் கேட்பார்கள். கார் கராச்சில் நிற்கும் மாதத்திலும் தவணை கட்ட வேண்டும்.

மீற்றர் சொல்லும், சொல்லாது

வீட்டுக் கார் ஒன்று வருடத்துக்கு 10,000 முதல் 15,000 கிலோமீற்றர் ஓடும். 1998 ஆம் ஆண்டுக் கார் 98,000 காட்டினால் நம்புவதற்கு முன் மற்ற அடையாளங்களைப் பாருங்கள். பிறேக் மிதியின் ரப்பர் வழுக்கையாக இருக்கிறதா? சாரதி சீற்றின் வெளி ஓரம், ஆள் ஏறி இறங்கும் பக்கம், அமுங்கிக் கிழிந்திருக்கிறதா? கியர் குமிழின் எழுத்து அழிந்திருக்கிறதா? சாரதி கதவைப் பாதி திறந்து மேலும் கீழும் அசைத்தால் பிணைச்சல் ஆடுகிறதா? இவை 200,000 சொல்ல, மீற்றர் 98,000 சொன்னால் மீற்றர்தான் பொய். மிகப் பழைய சில கார்களில் ஐந்து இலக்க மீற்றர். 99,999 க்குப் பிறகு திரும்பச் சைபரிலிருந்து தொடங்கும், யாரும் கை வைக்கத் தேவையில்லை.

ஓடிய தூரத்தை ஒளிக்காமல் சொல்லி, ஒயில் மாற்றிய பில்களையும் காட்டும் ஆளிடம் 260,000 கிலோமீற்றர் காரை வாங்கலாம். மீற்றரைத் திருப்பியவர் வேறு எதையும் திருப்பியிருப்பார். அவரோடு விலை பேசிக்கொண்டிருக்க வேண்டாம்.

தண்ணீர்

குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் நிற்கும் நீர். கேத்தலுக்குள் படியும் வெள்ளைப் படை, கிணற்றுத் தண்ணீர் விட்ட றேடியேற்றருக்குள்ளும் படியும். றேடியேற்றரின் குழாய்கள் ஒடுங்கியவை. படை கட்டக் கட்ட நீரோட்டம் குறையும். கரையோரச் சவர்த் தண்ணீர் என்றால் படையோடு அரிப்பும் சேரும். தண்ணீர்ப் பம்பின் விசிறி, இஞ்சினின் மேல்மூடியான அலுமினிய ஹெட்டின் வாய்கள் எல்லாம் அரிபடும். கார் சூடாகும், ஹெட் வளையும், அதற்கு அடியில் இடைவெளியை அடைத்திருக்கும் காஸ்கற் போகும். இங்கே பழைய காரில் "இஞ்சின் அடிச்சுப்போட்டுது" என்று சொல்லப்படும் கதைகளில் கனக்க இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

இதைப் பிடிக்க ஒரு காலை போதும். விற்பவரிடம், "நாங்கள் வரும்வரைக்கும் ஸ்ரார்ட் பண்ணாதேங்கோ" என்று முதல் நாளே சொல்லிவிட்டு, காலை ஆறு, ஆறரைக்குப் போங்கள். போனதும் பொனற்றில் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஏதோ மறைக்கப்படுகிறது. இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். குளிர்ந்திருந்தால் மட்டும் றேடியேற்றர் மூடியைத் திறவுங்கள். சூடான இஞ்சினில் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

உள்ளே பச்சை அல்லது சிவப்பு நிறத்தில் தெளிந்த கூலன்ற் இருந்தால் நல்லது. நிறமில்லாத வெறும் தண்ணீர், மூடியின் உட்பக்கத்தில் வெள்ளைப் பொருக்கு என்றால் கிணற்றுத் தண்ணீர். செம்மண் நிறம் என்றால் உள்ளே துரு. மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் மூடியைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.

அடுத்ததாக மூடியைப் பூட்டி, காரை ஸ்ரார்ட் பண்ணச் சொல்லி, இஞ்சினிலிருந்து றேடியேற்றரின் மேற்பக்கத்துக்கு வரும் தடித்த ரப்பர்க் குழாயைக் கையால் பிடித்துப் பாருங்கள். தேர்மோஸ்ராற் என்ற வால்வு இந்தக் குழாய்ப் பக்கம் இருக்கும் காரில் (சில கார்களில் அது கீழ்க் குழாய்ப் பக்கம் இருக்கும், அப்போது கீழ்க் குழாயைப் பிடியுங்கள்) வால்வு சரியாக இருந்தால் குழாய் சில நிமிடம் குளிராகவே இருக்கும்; இஞ்சின் சூடேறியதும் வால்வு திறந்து, குழாய் சட்டென்று சுடத் தொடங்கும். தொடக்கத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடாகி வந்தால் தேர்மோஸ்ராற்றைக் கழற்றி எறிந்துவிட்டார்கள், அல்லது அது திறந்தபடி இறுகிவிட்டது. கார் சூடாகிற பிரச்சினைக்கு மூலத்தைத் தேடாமல் வால்வைக் கழற்றிவிடுவது இங்கே பரவலான பழக்கம். அப்படி ஓடும் இஞ்சின் உரிய சூட்டுக்கு வராமல் பெற்றோலைக் கூடக் குடிக்கும், ஒயில் கெடும், பிஸ்ரனைச் சுற்றியுள்ள றிங் விரைவாகத் தேயும். ஸ்ரார்ட் பண்ணி ஒரு நிமிடத்துக்குள்ளேயே, இஞ்சின் இன்னும் குளிராக இருக்கும்போது, அந்தக் குழாய் கல்லுப்போல் விறைத்தால் இஞ்சினுக்குள் எரிந்த வாயு தண்ணீருக்குள் போகிறது. அது ஹெட் காஸ்கற்.

விசிறியையும் பாருங்கள். மின்விசிறி உள்ள காரில் இஞ்சின் சூடேறியதும், அல்லது ஏ.சி. போட்டதும்தான் அது சுற்ற வேண்டும். சாவியைத் திருப்பியதுமே சுற்றினால் வயரை நேரடியாகக் கொடுத்திருக்கிறார்கள். சூட்டு முள் எவ்வளவு நேரம் ஓடியும் கீழேயே கிடந்தாலும் சந்தேகப்படுங்கள். சென்சர் வயர் கழற்றப்பட்டிருக்கலாம்.

கடைசியாக, நல்ல வெயில் ஏறிய நேரத்தில் திரும்ப வந்து ஏ.சி. போட்டபடி நிறுத்தி 20 நிமிடம் இஞ்சினை ஓடவிடுங்கள். முள் நடுவுக்குச் சற்றுக் கீழே ஏறி நின்றுவிட வேண்டும். நடுவைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால், "றேடியேற்றரைக் கழுவினாச் சரி" என்று விற்பவர் சொல்வார். கழுவினால் சரி என்றால் அவரே கழுவிவிட்டு விற்றிருப்பார்.

துரு

வெளியே பளபளக்கும் பெயின்றை நம்பிப் பயனில்லை. காரை ஒரு சேர்விஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய் ஹொயிஸ்ற்றில் ஏற்றி, கீழே நின்று பாருங்கள். விற்பவர் இதற்குச் சம்மதிக்காவிட்டால் பேச்சை அங்கேயே முடிக்கலாம்.

பார்க்க வேண்டிய இடங்கள் சில உண்டு. முன் ஷொக் மேலே பொருந்தும் கோபுரம், பொனற்றைத் திறந்தால் இரு பக்கமும் தெரியும். பற்றரித் தட்டின் அடி. கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடு, அதிலும் ஜக் வைக்கும் புள்ளிகள். பின் சில்லு வளைவின் உள் விளிம்பு. பின் அச்சு உடலோடு பூட்டப்படும் இடம். டிக்கியில் மேலதிக ரயர் கிடக்கும் குழி. பிறேக் ஒயில் போகும் மெல்லிய இரும்புக் குழாய்கள். ஒரு ஸ்க்றூ ட்ரைவரின் பிடியால் தகட்டைத் தட்டிக்கொண்டு போங்கள். நல்ல தகடு கணீர் என்று கேட்கும்; உள்ளே உக்கியது மந்தமாகக் கேட்கும், சில இடத்தில் உள்ளேயே போய்விடும். வெளிப் பக்கத்துக்கு ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் கொண்டுபோங்கள். சில்லு வளைவிலும் கதவின் கீழ் ஓரத்திலும் காந்தம் பிடிக்காமல் வழுக்கினால் அங்கே தகடு இல்லை, ஓட்டையை மூடிய கட்டலோய் என்ற பசை இருக்கிறது. அடிப்பக்கம் முழுவதும் புதுசாகக் கறுப்புத் தார் அடித்திருந்தால் மகிழ வேண்டாம். எதை மூட அடித்தார்கள் என்று கேளுங்கள்.

கதவு ஓரத்துத் துரு டிங்கர் வேலை, விலையில் குறைத்துப் பேசலாம். ஷொக் கோபுரம், பின் அச்சுப் பூட்டு, ஜக் புள்ளிகள் உக்கிய காரைச் சும்மா தந்தாலும் பிள்ளைக்குக் கொடுக்கக்கூடாது. மோதும்போது ஆளைக் காப்பாற்ற வேண்டிய எலும்பு அதுதான். கார் எங்கே நின்றது என்று கட்டாயம் கேளுங்கள். குருநகர், மயிலிட்டி, வல்வெட்டித்துறை, ஊர்காவற்றுறைக் கரையோரம் நின்ற கார், அல்லது சோளகம் வீசும் மாதங்களில் பண்ணைப் பாலத்தால் தினமும் தீவுக்குப் போய்வந்த கார் என்றால் ஹொயிஸ்ற்றில் அரை மணி நேரம் கூடச் செலவழியுங்கள். கோண்டாவில், சுன்னாகம் பக்கம் கூரைக்குக் கீழே நின்ற கார் என்றால் கொஞ்சம் நிம்மதி.

கொழும்பு, கம்பகா பக்கத்திலிருந்து வரும் கார்களில் வெள்ளத்தைத் தேட வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் தீவின் பல பகுதிகளில் வாகனங்கள் நீருக்குள் நின்றன. அப்படி நின்றவை கழுவி, மணம் அடித்து விற்பனைக்கு வரும். இருக்கைப் பட்டியைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டு கிடக்கும் பகுதியைக் கழுவ மறந்துவிடுவார்கள், சேற்றுக் கோடு தெரியும். சீற்றைத் தாங்கும் தண்டவாளத் துரு, கால்விரிப்புக்கு அடியில் ஈரம், பியூஸ் பெட்டிக்குள் பச்சை பூத்த செம்பு, முன் லைற்றுக்குள் நீர்க்கோடு இவையும் அதே கதைதான். வெள்ளத்தில் நின்ற காரின் வயர்கள் ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து ஒவ்வொன்றாகப் பழுதாகும். எந்த விலைக்கும் வேண்டாம்.

இஞ்சினும் கியரும்

குளிர்ந்த இஞ்சினை ஸ்ரார்ட் பண்ணும்போது ஒருவர் பின்னால் நின்று சைலன்சரைப் பார்க்க வேண்டும். நீலப் புகை ஒயில் எரிகிறது. கரும்புகை பெற்றோல் கூடுகிறது, பெரும்பாலும் சரிசெய்யக்கூடியது. இனிப்பு மணத்தோடு நிற்காமல் வரும் வெள்ளைப் புகை கூலன்ற் எரிவது. சூடான பிறகு, இஞ்சின் ஓடும்போதே ஒயில் ஊற்றும் மூடியைத் திறவுங்கள். சற்று ஆவி வருவது வழமை. குபுகுபுவென்று புகை தள்ளினால் றிங் தேய்ந்துவிட்டது. மூடியின் உட்புறத்தில் வெண்ணெய்போலப் படிந்திருந்தால் ஒயிலும் தண்ணீரும் கலக்கின்றன.

ஓடிய தூரம் கூடிய காருக்குக் கண்ணால் பார்ப்பது காணாது. நம்பிக்கையான ஒரு மெக்கானிக்கைக் கொண்டு கொம்ப்ரெஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் வரும் அழுத்தத்தின் அளவு, எடுப்பியுங்கள். பிளக் எல்லாவற்றையும் கழற்றி, அக்சிலறேற்றரை முழுவதும் அமத்தியபடி இஞ்சினைச் சுற்ற வேண்டும். பற்றரி நல்லதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அளவு பொய்யாகக் குறையும். கொரோலா 110 இன் 5ஏ போன்ற இஞ்சினில் 170 க்கு மேலே பி.எஸ்.ஐ. வந்தால் நல்லது, 140 க்குக் கீழே போனால் இஞ்சின் பிரிக்க வேண்டும். அளவைவிட முக்கியம் சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசம். நாலும் 155 என்றால் சமமாகத் தேய்ந்த இஞ்சின், பிள்ளைக்குப் பல வருடம் ஓடும். மூன்று 180, ஒன்று 130 என்றால் அந்த ஒன்றில் றிங்கோ வால்வோ காஸ்கற்றோ போயிருக்கிறது. குறைந்த சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டுத் திரும்ப எடுத்தால், அளவு ஏறினால் றிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது காஸ்கற்.

இஞ்சினின் வால்வுகளை நேரத்துக்கு இயக்குவது ரைமிங் பெல்ற்றா செயினா என்பதைத் தெரிந்துகொண்டு பேசுங்கள். கொரோலா 110, ஸ்ரார்லெற் ஈ.பி. 82, மாருதி 800, லான்சர் சீ.கே. ஆகியவற்றில் பெல்ற். நிசான் எஃப்.பி. 14, எஃப்.பி. 15, ரொயோட்டா விட்ஸ் ஆகியவற்றில் செயின். பெல்ற் எப்போது மாற்றியது என்பதற்குப் பில் இல்லாவிட்டால் மாற்றவில்லை என்றே கணக்கெடுத்து, பெல்ற், ரென்சனர், தண்ணீர்ப் பம்ப் மூன்றையும் ஒன்றாக மாற்றும் செலவை விலையிலிருந்து கழியுங்கள். பெல்ற்றுக்கு 100,000 கிலோமீற்றர் பொது எல்லை. ஆனால் பழைய காரில் ரப்பர் வயதாலும் வெடிக்கும். செயின் இஞ்சினில் குளிர் ஸ்ரார்ட்டில் சில வினாடிக்கு மேலே நீடிக்கும் கரகர சத்தம் நல்லதல்ல.

ஓட்டிப் பார்க்க, நகருக்குள் சுற்றுவது போதாது. அரியாலையிலிருந்து நாவற்குழிப் பக்கம் போகும் நேர் வீதியில் 60 வரை கொண்டுபோய் ஸ்ரேறிங்கைத் தளர்த்திப் பிடியுங்கள். இழுக்கிறதா, ஆடுகிறதா என்று தெரியும். வெற்று இடத்தில் ஸ்ரேறிங்கை முழுவதும் ஒடித்து மெல்ல வட்டமடிக்கும்போது டக் டக் என்றால் அச்சின் மூட்டுப் போய்விட்டது. மனுவல் காரில் நாலாம் கியரைப் போட்டு, ஹான்ட் பிறேக்கும் கால் பிறேக்கும் பிடித்தபடி கிளச்சை மெல்ல விடுங்கள். இஞ்சின் உடனே நிற்க வேண்டும், நிற்காமல் இரைந்தால் கிளச் முடிந்தது. ஓட்டோ கியரில், நிறுத்திய நிலையில் நியூற்றலிலிருந்து (N) முன்னோக்கும் கியருக்கும் (D), பிறகு பின்னோக்கும் கியருக்கும் (R) போடும்போது ஒரு வினாடிக்குள் பிடிக்க வேண்டும். தாமதித்து அடித்துப் பிடித்தால், கியர் ஒயில் கறுத்துக் கருகல் மணம் வந்தால், அந்தக் கியர்ப் பெட்டியின் செலவு காரின் விலையில் பெரும் பங்கைக் கேட்கும்.

புதுச் சாரதியைக் காப்பது

நிறையப் பேர் இஞ்சினில் காட்டும் கவனத்தில் பாதியைக்கூட இங்கே காட்டுவதில்லை. 18 வயதுப் பிள்ளை முதல் வருடத்தில் எங்கேயாவது தட்டும். கேட் இல்லாத ரயில் கடவைகள், சந்தியில் திரும்பிப் பார்க்காமல் ஏறும் ஓட்டோக்கள், இரவில் ஏ9 இல் படுத்திருக்கும் மாடுகள் எல்லாம் அனுபவம் இல்லாதவருக்கு ஒரே நேரத்தில் வரும்.

எயர்பாக் இருப்பதாகச் சொன்னால் சாவியைத் திருப்பி டாஷ்போர்டைப் பாருங்கள். எயர்பாக் லைற் எரிந்து சில வினாடியில் அணைய வேண்டும். அணையாமல் எரிந்தால் பழுது. எரியவே இல்லை என்றால் அதைவிட மோசம். எயர்பாக் ஒருமுறை வெடித்து, லைற்றையும் கழற்றி, ஸ்ரேறிங்குக்கு வெறும் மூடி பூட்டியிருக்கலாம். பிறேக் பிடிக்கும்போது சில்லு இறுகி வழுக்காமல் காக்கும் ஏ.பி.எஸ். லைற்றுக்கும் இதே சோதனை. ஐந்து பட்டிகளையும் வெடுக்கென்று இழுத்துப் பூட்டுகிறதா பாருங்கள். பின் சீற் பட்டிகள் பல கார்களில் சீற்றுக்கு அடியில் புதைந்து கிடக்கும்.

ரயரின் வரிப்பள்ளம் தேயாமல் இருந்தால் மட்டும் போதாது. பக்கச் சுவரில் ஓர் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆம் கிழமை செய்தது. ஆறு வருடம் தாண்டிய ரயர் எங்கள் வெயிலில் இறுகிவிடும், மாரி மழையில் பிறேக் பிடித்தால் வழுக்கும். பிறேக் மிதியை 30 வினாடி அமத்திப் பிடியுங்கள். மெல்ல மெல்லத் தரைக்கு இறங்கினால் மாஸ்ரர் சிலிண்டர் ஒழுகுகிறது.

இந்தக் கண்ணோடு பார்த்தால், எயர்பாக்கும் ஏ.பி.எஸ்ஸும் வேலை செய்யும் கொரோலா 110, எஃப்.பி. 15, விட்ஸ் ஆகியவை ஓடிய தூரம் கூடினாலும் முன்னுக்கு நிற்கும். மாருதி 800 இன் உதிரிப்பாகம் எந்த ஊரிலும் கிடைக்கும், பெற்றோலும் குறைவாகத்தான் குடிக்கும். ஆனால் தகடு மெல்லியது, எயர்பாக் இல்லை. ஊருக்குள் 40 இல் ஓட என்றால் சரி, பரந்தன் தாண்டிப் போவதற்கு இல்லை. பழைய பிறியஸ், அக்குவா போன்ற ஹைபிரிட்டுகள் பெற்றோலில் மிச்சம் பிடிப்பதை ஒரே நாளில் பற்றரிக்குக் கேட்டுவிடும். பின் சீற் ஓரத்தில் இருக்கும் பற்றரி விசிறியின் காற்றுவாய் தூசியால் அடைபட்டு, வெக்கையில் பற்றரி விரைவாகச் சாகும்.

ஒஸ்ரின், மொறிஸ் கார்கள்மேல் எங்களுக்கெல்லாம் தனிப் பாசம் உண்டு. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோலைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஸ்ரார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓடி, நோயாளிகளையும் பிரேதங்களையும் சுமந்த கார்கள் அவை. அவற்றைப் பேணுகிறவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் நாலு சில்லிலும் ட்ரம் பிறேக், மோதினால் நெஞ்சுக்கு வரும் விறைத்த ஸ்ரேறிங் தண்டு, பட்டி இல்லாத சீற். பிள்ளை ஓட்டப் பழகும் கார் அதுவல்ல.

புத்தகம்

கார் பிடித்துவிட்டது என்ற பிறகுதான் பலர் சீ.ஆர். புத்தகத்தை, அதாவது வாகனப் பதிவுச் சான்றை, கேட்கிறார்கள். முதல் நாளே அதன் பிரதியைக் கேளுங்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் ஒரு சிறு கட்டணம் கட்டி, பதிவு இலக்கத்தைக் கொடுத்தால் காரின் வகை, ஆண்டு, இஞ்சின் இலக்கம், முழு உரிமையாளர் யார் என்பவை தெரியும். முழு உரிமையாளர் இடத்தில் நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தால் லீசிங் முடிந்து நீக்கப்படவில்லை. அந்த நீக்கம் பதிவாகும்வரை அட்வான்ஸ்கூடக் கொடுக்க வேண்டாம்.

செசி இலக்கத்தையும் இஞ்சின் இலக்கத்தையும் ரோர்ச் அடித்து நேரில் வாசித்து, புத்தகத்தோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். செசி இலக்கத்தைச் சுற்றி வெல்டிங் தழும்பு, ஒழுங்கில்லாத எழுத்து இருந்தால் விடுங்கள். இஞ்சின் மாற்றிப் பதியாத கார்கள் கனக்க உண்டு. பதிவித்துத் தந்தால் வாங்கலாம், "பிறகு பார்ப்பம்" என்றால் அது உங்கள் தலையில். காரின் நிறமும் புத்தகத்தில் உள்ளதாக இருக்க வேண்டும்.

ஓப்பின் பேப்பர் என்ற பழக்கத்தை இந்தக் காரோடு விட்டுவிடுங்கள். பதிவுக்காரர் கையொப்பமிட்ட எம்.டி.ஏ. 6, எம்.டி.ஏ. 8 படிவங்களை வைத்துக்கொண்டு பெயர் மாற்றாமல் ஓட்டினால், நடுவில் பதிவுக்காரர் இறந்தாலோ வெளிநாடு போனாலோ கார் உங்கள் முற்றத்தில் நிற்கும், சட்டத்தில் உங்களுடையதாக இராது. பதிவுக்காரரை நேரில் கண்டு, அடையாள அட்டைப் பிரதி வாங்கி, ரசீதில் திகதியோடு நேரத்தையும் எழுதுங்கள். அன்று காலை அவர் செய்த போக்குவரத்துக் குற்றம் மாலையில் உங்கள் பெயருக்கு வரக்கூடாது. காசை வங்கியால் மாற்றுங்கள்.

வாங்கமுதல் காப்புறுதி நிறுவனத்திடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்த ஆண்டுக் காருக்கு முழுக் காப்புறுதி தருவீர்களா, 18 வயதுச் சாரதி ஓட்டி மோதினால் முதலில் எங்கள் கையிலிருந்து எவ்வளவு கட்ட வேண்டும்? பெறுமதியைக் குறைத்துப் போட்டுக் கட்டணத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். நட்டஈடும் அதே விகிதத்தில் குறையும். மூன்றாம் ஆள் காப்புறுதி சட்டப்படி போதும், வருமான அனுமதிப்பத்திரமும் புகைப் பரிசோதனைச் சான்றோடு எடுத்துவிடலாம். ஆனால் உங்கள் காருக்கு அது ஒரு சதமும் தராது.

முதல் கிழமை

கார் வீட்டுக்கு வந்ததும் பிள்ளையிடம் சாவி கொடுக்கமுதல் ஒரு நாள் கராச்சில் விடுங்கள். இஞ்சின் ஒயில் சிறிய காருக்கு ஏறத்தாழ 3 லீற்றர், ஒயில் பில்ற்றர், காற்று பில்ற்றர், பிளக் நாலு, மாருதிக்கு மூன்று. பிறேக் ஒயிலை முழுவதும் வடித்து டொற் 3 அல்லது 4 ஒரு லீற்றர். றேடியேற்றரைக் கழுவி, புது தேர்மோஸ்ராற் பூட்டி, பற்றரிக்கு விடும் காய்ச்சி வடித்த தண்ணீரோடு கூலன்ற்றைப் பாதிக்குப் பாதி கலந்து 5 லீற்றர் அளவில் விடுங்கள். அவசரத்துக்கு மழைத் தண்ணீர் விடலாம், கிணற்றுத் தண்ணீர் கூடாது. உதிரிப்பாகம் ஸ்ரான்லி வீதிக் கடைகளில் இல்லாவிட்டால் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து பஸ்ஸில் எடுப்பிக்கலாம். பிறேக், ஸ்ரேறிங் சாமான்களை மட்டும் பழையதாக வாங்க வேண்டாம்.

பிறகு பிள்ளைக்கு நாலு விசயம் பழக்குங்கள். ஞாயிறு காலையில் ஒயில் கோலையும் கூலன்ற் மட்டத்தையும் பார்ப்பது. ரயர்க் காற்றைக் கதவு ஓரத்து ஸ்ரிக்கரில் உள்ள அளவுக்கு வைத்திருப்பது, சிறிய காருக்கு 30 இறாத்தல் அளவில் இருக்கும். சூட்டு முள் நடுவைத் தாண்டினால் ஏ.சி.யை நிறுத்தி, ஓரமாக விட்டு, இஞ்சினை அணைத்து, மூடியைத் தொடாமல் வீட்டுக்கு ஃபோன் எடுப்பது. தீவுப் பக்கம் போய்வந்தால் அன்றைக்கே அடிப்பக்கத்தைக் கழுவுவது. அதற்கு மட்டும் கிணற்றுத் தண்ணீர் தாராளமாக ஆகும், சவர் இல்லாத கிணறாக இருந்தால்.

முதல் மூன்று மாதம் பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்கட்டும். இரவு ஓட்டத்தையும் மழை ஓட்டத்தையும் அவரோடுதான் தொடங்க வேண்டும்.